750 மடங்கு டெலஸ்கோப்: வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

டெலஸ்கோப் விற்பவருக்கு வேறெந்த வியாபாரிக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. பொருள் சரியில்லை என்றால் பழியைத் தூக்கி வானத்தின் மேல் போட்டுவிடலாம். மிக்ஸி ஓடவில்லை என்று போனால் காற்று சரியில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சனிக்கோள் மங்கலாகத் தெரிகிறது என்று போனால் சொல்வார்கள். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும், அதுதான் சிக்கல். அந்தப் பாதி உண்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டி, பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடு முடியும்வரை என்னை இழுத்தடித்தார்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. இதே சரக்கு வேறு வேறு பெயர்களில் பல இடங்களில் விற்கிறது, அதனால் பெயரைவிட ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

வீட்டுக் கொல்லையில் வைத்து வியாழனையும் சனியையும் பார்க்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைச் சொல்லித்தான் விசாரித்தேன். ஒளியைத் திரட்டும் ஆடி 114 மி.மீ. விட்டம், 1000 மி.மீ. குவியத் தூரம் (ஒளி ஒரு புள்ளியில் குவிய எடுக்கும் தூரம்), பரவளைய ஆடி (ஒளியை ஒரே புள்ளியில் கூராகக் குவிக்கும் வளைவு கொண்டது), முழு நீளக் குழாய், 750 மடங்கு உருப்பெருக்கம் என்று எழுத்திலேயே பதில் வந்தது. கூடவே ஒரு சனிப் படம், வளையம் இசைத்தட்டு மாதிரி கோடு கோடாக. 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் பக்கத்தில் போய் எடுத்த படம் அது. எந்தக் கொல்லையில் எந்தக் குழாயை வைத்தாலும் கண்ணுக்கு அப்படித் தெரியாது. இது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் படத்தைப் போட்டு விற்பவர் மற்ற விவரங்களில் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கும் அதுவே சாட்சி.

வந்த பெட்டியைப் பிரித்தால் குழாய் அரை மீட்டர்கூட இல்லை. ஆடியால் ஆன சாதாரண நியூட்டன் வகை டெலஸ்கோப்பில் குழாயின் நீளம் குவியத் தூரத்தை ஒட்டியே இருக்கும். 1000 மி.மீ. என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர் குழாய் வேண்டும். பாதி நீளத்தில் வந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கண் வைத்துப் பார்க்கும் சின்ன வில்லைக் குழலான ஐபீஸைக் கழற்றிவிட்டு, அது உட்காரும், கூர்மையைச் சரிசெய்ய முன்னும் பின்னும் நகரும் ஃபோகஸர் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு வில்லை நிரந்தரமாகப் பொருத்தியிருந்தது. பேர்ட்-ஜோன்ஸ் என்று சொல்லும் அமைப்பு இது. பரவளைய ஆடிக்குப் பதில், தேய்ப்பதற்கு எளிதான, மலிவான கோளக ஆடியைக் குறைந்த குவியத் தூரத்தில் வைப்பார்கள். அது தரும் பிழையைத் திருத்தவும் குவியத் தூரத்தை நீட்டவும் அந்த வில்லை. துல்லியமாகச் செய்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடுதான். மலிவுப் பதிப்புகளில் அந்த வில்லை பெயருக்கு ஒன்று இருக்கும், அவ்வளவே. ஆக, நீளக் குழாயும் பொய், பரவளைய ஆடியும் பொய். கேட்டதற்கு, இது புதுத் தொழில்நுட்பம், எடுத்துச் செல்ல வசதியாக இருக்கும் என்று பதில்.

அந்த 750 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 4 மி.மீ. ஐபீஸ் என்றால், 1000-ஐ 4-ஆல் வகுத்தால் 250. பெட்டியில் ஒரு 3 மடங்கு பார்லோவும் இருந்தது, அதாவது ஐபீஸுக்கு முன் மாட்டி உருப்பெருக்கத்தைக் கூட்டும் வில்லை, பிளாஸ்டிக்கில். 250-ஐ 3-ஆல் பெருக்கினால் 750. கணக்கில் தப்பில்லை, அதனால்தான் சட்டென்று பொய் என்று சொல்லவும் முடிவதில்லை. ஆனால் ஒரு டெலஸ்கோப் எவ்வளவு நுணுக்கம் காட்டும் என்பதை விட்டம்தான் தீர்மானிக்கிறது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், உருப்படியான உருப்பெருக்கம் ஏறத்தாழ அங்கே முடிகிறது. 114-க்கு 228. அதுவும் நல்ல ஆடி, அசையாத காற்று இரண்டும் வாய்த்தால். அதற்கு மேல் போனால் கோள் பெரிதாகும், புதிதாக ஒரு விவரமும் வராது, வெளிச்சம் மட்டும் குறைந்துகொண்டே போகும். 750 மடங்கில் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றை 0.15 மி.மீ. தடிமன்தான். போதாக்குறைக்கு, பூமி சுழல்வதால் வானம் ஒரு விநாடிக்கு 15 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. அந்த உருப்பெருக்கத்தில் சனி பார்வைப் புலத்தின் ஒரு ஓரத்தில் நுழைந்து பத்துப் பதினைந்து விநாடிக்குள் மறு ஓரத்தில் வெளியேறிவிடும். கூட வந்த முக்காலியோ குமிழைத் தொட்டாலே ஆடியது. ஆட்டம் அடங்குவதற்குள் கோள் போய்விடும்.

சரி, 750 வேண்டாம், 40 மடங்கில் பார்ப்போம் என்று 25 மி.மீ. ஐபீஸைப் போட்டேன். சனிக்கு வளையம் இருப்பது தெரிந்தது, ஆனால் பஞ்சு சுற்றிய மாதிரி. 10 மி.மீ. போட்டு 100 மடங்குக்குப் போனதும் கோளும் வளையமும் ஒன்றாகக் குழைந்துவிட்டன. வியாழன் இன்னும் மோசம். வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களை 1610-இல் கலிலியோ சுமார் 20 மடங்கு குழாயில் பார்த்தார். அவை ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். என் குழாயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கமாக வால் முளைத்திருந்தது. வியாழனின் குறுக்கே ஓடும் இரண்டு கருநிறப் பட்டைகள் 60 மி.மீ. வில்லையிலேயே தெரிபவை. எனக்கு வட்டத்தின் நடுவில் ஒரு அழுக்கு நிழல்தான்.

புகார் செய்ததும் வானத்தின் மேல் பழி போடும் படலம் ஆரம்பித்தது.

முதலில், ஆடி குளிரவில்லை என்றார்கள். உண்மையான விஷயம்தான். வீட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்த ஆடி சுற்றுக் காற்றின் வெப்பநிலைக்கு இறங்கும்வரை படம் நெளியும். ஆனால் இந்த அளவு ஆடிக்கு அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம் போதும். சாயங்காலமே வெளியே வைத்துவிட்டு நள்ளிரவில் பார்த்தேன், அதே வால். அடுத்து நகர வெளிச்சமும் நிலா வெளிச்சமும் கெடுக்கின்றன என்றார்கள். இது அப்பட்டமான பொய். மங்கலான விண்மீன் மண்டலங்களையும் வாயு மேகங்களையும் தேடுகிறவருக்குத்தான் அந்தத் தொல்லை. வியாழனும் சனியும் தெருவிளக்குக்கு நடுவிலேயே வெறும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிபவை. நிலா பக்கத்தில் இருந்தாலும் அவற்றின் கூர்மை குறையாது.

அப்புறம் வந்ததுதான் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான சாக்கு. சனியின் வளையம் இப்போது மெலிந்திருக்கிறது, அதனால்தான் தெரியவில்லை என்றார்கள். சனி சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 29.5 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்தில் இரண்டு கட்டங்களில் வளையம் விளிம்பைக் காட்டி நம் கண்ணுக்கு மெலிந்துபோகும். 1612-இல் வளையம் மறைந்ததைப் பார்த்து கலிலியோவே குழம்பியிருக்கிறார். 2025 மார்ச்சிலும் பூமி வளையத் தளத்தைக் கடந்தது, அதை ஒட்டிய காலத்தில் வளையம் ஒல்லியாகத்தான் இருக்கும். எல்லாம் சரி. மெலிந்த வளையம் மெல்லிய, கூரான கோடாகத் தெரிய வேண்டுமே, எனக்கு ஏன் தடித்த பூச்சாகத் தெரிகிறது என்று கேட்டேன். வியாழனுக்கு வளையம் மெலியும் பிரச்சினை கிடையாதே, அது ஏன் குழைகிறது என்றும் கேட்டேன். பதில் வர நாளாயிற்று. வந்த பதில்: உங்கள் ஊர்க் காற்று.

காற்று. இதை எப்படி மறுப்பது? நான் கண்ட வழியைச் சொல்கிறேன், இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். காற்று கெடுக்கும் படம் மாறிக்கொண்டே இருக்கும். கோள் கொதிப்பது போலத் துடிக்கும், இடையில் ஒரு நொடி சட்டென்று தெளிந்து மறுபடி கலங்கும். கோள் பார்க்கிறவர்கள் அந்த ஒரு நொடிக்காகத்தான் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடி அல்லது வில்லை கெட்டிருந்தால் கெடுதல் அசையாது. எந்த ராத்திரியானாலும் அதே பக்கம் வால், அதே வடிவக் கலங்கல். தெளியும் நொடியே வராது.

நட்சத்திரத்தை வைத்தும் சோதிக்கலாம். உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவந்து, ஃபோகஸை லேசாக உள்ளே தள்ளிப் பாருங்கள், பிறகு அதே அளவு வெளியே இழுத்துப் பாருங்கள். புள்ளி விரிந்து ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வளையங்களாகும். இரண்டு பக்கமும் வளையங்கள் ஒரே மாதிரி, நடு மாறாமல் இருந்தால் ஒளியியல் சரி. எனக்கு ஒரு பக்கம் வளையங்கள் பளிச், மறுபக்கம் வெறும் மூட்டம். கோளக ஆடி தரும் பிழை (கோளப் பிழை என்பார்கள்) திருத்தப்படவில்லை என்பதற்கு அடையாளம் அது. அதற்கு மேல், வட்டம் வட்டமாகவே இல்லை, முக்கோணமாக இருந்தது. ஆடியைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகளைக் கண்மண் தெரியாமல் முறுக்கியிருந்தால் கண்ணாடி நசுங்கி இப்படி வரும். முக்கோணம் யாருடைய குற்றம் என்பதையும் கண்டுபிடிக்கலாம். உங்கள் தலையைச் சாய்த்தால் அதுவும் சாய்கிறதா, அப்போது குற்றம் உங்கள் கண்ணில். ஐபீஸைத் திருகினால் அதோடு சுற்றுகிறதா, குற்றம் ஐபீஸில். இரண்டுக்கும் அசையாமல், குழாயைத் திருப்பும்போது மட்டும் கூடவே திரும்பினால் குற்றம் குழாய்க்குள். என்னுடையது மூன்றாவது ரகம்.

கடைசியாக நண்பர் ஒருவரின் பழைய 70 மி.மீ. வில்லை டெலஸ்கோப்பை இரவல் வாங்கி இதன் பக்கத்தில் நிறுத்தினேன். அதே கொல்லை, அதே ராத்திரி, அதே காற்று. அதில் 70 மடங்கில் சனியின் வளையம் கூரான கோடாகத் தெரிந்தது, வியாழனின் பட்டைகள் இரண்டும் தெரிந்தன. 70 மி.மீ. காட்டுவதை 114 மி.மீ. காட்டவில்லை என்றால் காற்று என்ன செய்யும்? இதை எழுதி அனுப்பிய பிறகு வானத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், கெடுவும் முடிந்துவிட்டது, வேண்டுமானால் நல்ல ஐபீஸ் ஒன்று குறைந்த விலைக்குத் தருகிறோம் என்றார்கள். பணம் செலுத்திய வழியாகப் புகார் கொடுத்ததில் பாதிப் பணம் திரும்பியது. எழுத்தில் வாங்கி வைத்திருந்த ‘பரவளைய ஆடி’ என்ற பதில்தான் அதற்கு உதவியது. விளம்பரத்தில் இப்போது அந்தச் சொல்லை எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. இது பண விஷயம் இல்லை, கண் விஷயம். பெட்டியில் சூரியனைப் பார்க்க என்று ஐபீஸில் திருகும் ஒரு சின்னக் கறுப்புக் கண்ணாடி இருந்தது. இதே மாதிரி உங்களுக்கும் வந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள், குழந்தைகள் கையில் கிடைக்க விடாதீர்கள். டெலஸ்கோப் திரட்டும் சூரிய வெப்பம் முழுக்க அந்த இடத்தில்தான் குவியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கண்ணாடி விரிசல் விடலாம், கண் போனால் போனதுதான். சூரிய வடிகட்டி என்றால் குழாயின் வாயை முழுதாக மூடும்படி முன்னால் மாட்டுவதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். இதை விற்றதற்காகவே அவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் மடங்குக் கணக்கைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். குழாயின் நீளம் எவ்வளவு, ஃபோகஸருக்குள் நிரந்தர வில்லை உண்டா, ஆடி கோளகமா பரவளையமா, ஐபீஸின் குழல் 1.25 அங்குலமா பழைய 0.965 அங்குலமா என்று எழுத்தில் கேளுங்கள். வந்த அன்றே நட்சத்திரச் சோதனையைச் செய்துவிடுங்கள். மேகம் மூடியிருந்தால் கெடுவை நீட்டித் தரச் சொல்லி அன்றே எழுதுங்கள். விட்டத்தைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் செய்துவிட்டு, ஐபீஸ் வழியாக டார்ச் அடித்து, குழாயின் வாயருகே ஒரு தாளைப் பிடித்து, விழும் ஒளிவட்டத்தை அளந்து பாருங்கள். மலிவு வில்லை டெலஸ்கோப்புகளில் உள்ளே ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வைத்து விட்டத்தைச் சுருக்கியிருப்பது இதில் மாட்டிக்கொள்ளும்.

ஏற்கெனவே இந்த மாதிரிக் குழாய் கையில் இருப்பவர்கள் பார்லோவை எடுத்து வைத்துவிட்டு 25 மி.மீ. ஐபீஸோடு பாருங்கள். நிலாவுக்கு அது நன்றாகவே உதவும். ஆடியைப் பிடிக்கும் கிளிப்புகளை லேசாகத் தளர்த்தினால் முக்கோணம் போய்விடும், எனக்குப் போயிற்று, வால் போகவில்லை. ஆனால் பணம் திரும்பக் கேட்கும் எண்ணம் இருந்தால் விவகாரம் முடியும்வரை எந்தத் திருகையும் தொடாதீர்கள். தொட்டது தெரிந்தால், கெடுத்ததே நீங்கள்தான் என்று அடுத்த பதில் தயாராக இருக்கும்.