ஆறு கம்பி படுத்தும் பாடு

என் ரிமோட் பந்தயக் காரின் மோட்டாரிலிருந்து போகும் சென்சார் கம்பி மூன்றாவது முறையாக அறுந்ததும், "அண்ணா, சென்சார் உள்ள பிரஷ்லெஸ் மோட்டார் வாங்கட்டுமா, இல்லாததே போதுமா?" என்று பந்தயத்தில் பழகிய தம்பி ஒருவன் கேட்டதும் ஒரே வாரத்தில் நடந்தன. போன மாதம் கேட்டிருந்தால் அவனுக்கு வேறு பதில் கிடைத்திருக்கும்.

என்னுடையது மண்தடத்தில் ஓடும் 1/10 அளவுக் கார். 540 அளவில் 13.5 டர்ன் (சுருளின் சுற்று எண்ணிக்கை) சென்சார் உள்ள பிரஷ்லெஸ் மோட்டார், அதற்கேற்ற இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), இரண்டு செல் லிப்போ பேட்டரி. வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மோட்டாரைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இதுவரை பேரிங் ஒரு முறை மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். கரித்துண்டு பிரஷ்கள் உரசி மின்சாரம் கொடுக்கும் பழைய பிரஷ் மோட்டார் ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு பந்தய நாளின் முடிவிலும் அவை உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைத் துடைத்து, தேய்ந்த பிரஷ்ஷை மாற்றி, கரித்தூள் படிந்த விரல்களோடு வீடு திரும்பியவன் நான். அந்த வேலையே இப்போது இல்லை.

ஆனால் சென்சார் உள்ளதை வாங்கியதற்குப் பலன் கிடைக்கும் இடம் வேகத்தில் இல்லை, மெதுவாகப் போவதில்தான் இருக்கிறது. வளைவின் நடுவில், பொடிமண்ணில், ரிமோட்டின் டிரிக்கரை மயிரிழை அழுத்தினால் சக்கரங்களும் மயிரிழைதான் நகர்கின்றன. சென்சார் இல்லாத அமைப்பில், சுழலும் காந்தப் பகுதியான ரோட்டாரால் சுருளில் எழும் எதிர் மின்னழுத்தத்தை வைத்துத்தான் ரோட்டார் எங்கே இருக்கிறது என்று இஎஸ்சி கண்டுபிடிக்கிறது. ரோட்டார் நின்றுகொண்டிருந்தால் அந்த மின்னழுத்தமே கிடையாது. ஆகவே குருட்டாம்போக்கில் ஒரு உந்து உந்திப் பார்க்கிறது. கார் வெட்டி வெட்டி இழுத்துவிட்டு அப்புறம்தான் பாய்கிறது. சென்சார் இருந்தால் இந்தத் தடுமாற்றம் இல்லை. காந்தத்தை உணரும் மூன்று ஹால் சென்சார்கள் சேர்ந்து ஒரு சுற்றை ஆறு நிலைகளாகப் பிரித்து, ரோட்டார் அசைவதற்கு முன்பே அதன் இடத்தைச் சொல்லிவிடுகின்றன. வேகம் பிடித்த பிறகு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனை நன்மையும் எதன் வழியாக வருகிறது தெரியுமா? நூல் போன்ற ஆறு கம்பிகள், இரண்டு முனையிலும் சுண்டுவிரல் நகத்தளவு பிளக். மூன்று கம்பி ஹால் சென்சார்களுக்கு, ஒன்று வெப்பம் அறிய, மீதி இரண்டு சென்சார்களுக்கு மின்சாரம் கொடுக்க. இதே மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் மூன்று கம்பிகளைப் பாருங்கள், யானையைக் கட்டலாம். பக்கத்திலேயே போகும் இந்த ஆறு நூல்களுக்குக் காக்காய் கட்டக்கூடத் தெம்பு இல்லை. மண்ணில் குதித்துக் குதித்து ஓடும் காருக்கு இப்படி ஒரு இணைப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்தக் காரை ஒரு நாளாவது ஓட்டிப் பார்த்திருப்பார்களா?

முதல் முறை அறுந்தபோது கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. டிரிக்கரை அழுத்தினால் கார் குளிர்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கும், நகராது. கையால் தள்ளிவிட்டால் ஓடும். சாலிடர் விட்டுவிட்டது என்று நினைத்து மோட்டாரின் மூன்று தடித்த கம்பிகளையும் அவற்றின் தகடுகளிலிருந்து எடுத்து மறுபடி பற்றவைத்தேன். சென்சார் பலகை அந்தத் தகடுகளுக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறது. சூடு கொஞ்சம் அதிகமானால் பலகையே போய்விடும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். சாலிடர் அழகாக வந்தது, நடுக்கம் போகவில்லை. அந்த மூன்று கம்பிகளின் A, B, C வரிசை மாறிவிட்டதோ என்று மூன்று முறை சரிபார்த்தேன். மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கும் அது சுற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பருக்கும் இடையே கல் சிக்கியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தேன். கடைசியில் ஏதோ எடுக்கப்போய் கை சென்சார் கம்பியில் பட, மோட்டார் வெண்ணெய் மாதிரி சுற்றியது. கையை எடுத்தால் நடுக்கம்.

மல்டிமீட்டரை வைத்தால் ஆறு கம்பிகளும் நன்றாக இருப்பதாகப் பீப் அடித்தது. மோட்டார் பக்கத்துப் பிளக்கின் கழுத்தில் மெல்ல மடக்கியபோதுதான் ஒரு கம்பியில் பீப் நின்றது. மேலே ரப்பர் உறையில் ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே செம்பு மட்டும் முறிந்திருந்தது.

நியாயமாகப் பேசினால் அந்த முறை தவறு என்னுடையது. கம்பி ஆடக் கூடாது என்று பிளக்குக்கு ஒட்டியே பிளாஸ்டிக் கட்டுப்பட்டை போட்டு இறுக்கியிருந்தேன். அதிர்வு முழுவதும் அந்த அரை சென்டிமீட்டரில் போய் இறங்கிவிட்டது. கழற்றும்போது பிளக்கைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து இழுக்கும் கெட்ட பழக்கமும் இருந்தது. இரண்டாவது முறையும் என்மேல்தான் பழி. நீளம் அதிகமான கம்பியை வாங்கிச் சுருட்டி வைத்தேன், அது நழுவி ஸ்பரின் பல்லில் உரசியது. அப்போது போனது வெப்பக் கம்பி. ஹால் கம்பி போனால் காராவது நடுங்கிக் காட்டும், வெப்பக் கம்பி போனால் ஒரு அறிகுறியும் இல்லை. மோட்டார் ஜில்லென்று இருப்பதாகவே என் இஎஸ்சி நம்பிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில்தான் ஆசைப்பட்டு மோட்டாரின் டைமிங்கை, அதாவது சுருளுக்கு மின்சாரம் எவ்வளவு முன்கூட்டியே போக வேண்டும் என்ற கோணத்தை, 30 டிகிரியிலிருந்து 40க்குத் திருப்பியிருந்தேன். அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டிப் பார்த்தால் 92 டிகிரி செல்சியஸ்! ரோட்டாரின் காந்தம் சூட்டில் வலுவிழக்கக்கூடியது. அன்று அது தப்பியது அதன் பெருந்தன்மை. டைமிங்கைப் பழைய இடத்துக்கே திருப்பி, பினியனிலும் ஒரு பல் குறைத்தேன்.

மூன்றாவது முறை நான் எந்தத் தவறும் செய்யவில்லை. அளவான நீளம், தளர்வான வளைவு, பட்டை தள்ளி, கழற்றும்போது நகத்தால் பிளக்கை மட்டும் நெம்பல். அப்படியும் அறுந்தது. அறுந்த இடம் இறுதிப் போட்டியின் தொடக்கக் கோடு. ஒலி கேட்டதும் எல்லாக் கார்களும் புழுதி கிளப்பிப் போய்விட்டன, என்னுடையது நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடப் போட்டியில் முதல் வளைவைக்கூட நான் பார்க்கவில்லை.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. பிளக்கை முழுதாகப் பிடுங்கிவிட்டால் என் இஎஸ்சி தானாகவே சென்சார் இல்லாத முறைக்கு மாறி ஓட்டிவிடும். பாதி அறுந்த கம்பிதான் அதைக் குழப்புகிறது. ஆக, அன்று ஓடிப்போய் ஒரு சொடுக்கில் அதைப் பிடுங்கியிருந்தால் கடைசியிலாவது வந்திருப்பேன். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் இது உறைத்தது.

கேவி, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற எண், எவ்வளவு பார்க்க வேண்டும் என்றும் தம்பி கேட்டிருந்தான். 4,000 கேவி என்றால் 7.4 வோல்ட்டில் நிமிடத்துக்கு 29,600 சுற்று, அதுவும் சுமையில்லாமல். டைமிங்கைத் திருப்பினாலே அந்த எண் மாறிவிடும். பல பெட்டிகளில் எந்த டைமிங்கில் அளந்தார்கள் என்று போடுவதில்லை. ஆகவே இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது வீண். பந்தய வகுப்பு எந்த டர்ன் கேட்கிறதோ அதை வாங்கிவிட்டுப் பல்சக்கரங்களின் பல் எண்ணிக்கையில் கவனம் வைத்தால் போதும்.

மற்றபடி அவனுக்கு நான் எழுதிய பதில் இரண்டே வரி: "சென்சார் இல்லாததை வாங்கு. ஆறு கம்பி குறைவு, ஆறு தலைவலி குறைவு." மறுநாளே கேட்டான், "அப்படியானால் உங்கள் காரிலும் மாற்றப்போகிறீர்களா அண்ணா?" மாற்றப்போவதில்லை. புதிய சென்சார் கம்பிகள் மூன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், ஒன்று காரில் போட, இரண்டு பையில் வைக்க. அவனுக்குச் சொன்ன பதிலைத் திருத்துவதைப் பற்றி அவை வந்து சேர்ந்த பிறகு யோசிக்கிறேன்.