எமல்ஷன் பாலிமர் கலக்கும் யூனிட்: ஐந்து வருடம் ஓட்டிய அனுபவம்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு பிழியும் பகுதி என் பொறுப்பு. கசடை வேகமாகச் சுற்றித் தண்ணீரைப் பிரிக்கும் ஒரு சென்ட்ரிஃபியூஜ், கசடைச் சேர்த்துப் பிடிக்கும் பாலிமரை அதற்குக் கரைத்துக் கொடுக்கும் யூனிட் ஒன்று. இந்த யூனிட் வந்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது. முதல் மாதத்தில் எழுதியிருந்தால் பாராட்டு மட்டும்தான் எழுதியிருப்பேன். இரண்டாம் வருடத்தில் எழுதியிருந்தால் கோபத்தில் எழுதியிருப்பேன். இப்போதுதான் இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடிகிறது. எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லப்போவதில்லை. இந்த வகை யூனிட் எதுவானாலும் கிட்டத்தட்ட இதே அனுபவம்தான் வரும்.

இதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது மேல்பக்கம் திறந்த தொட்டி, அதைக் கலக்க ஒரு அஜிடேட்டர், ஒரு வாளி. டிரம்மில் இருந்து வாளியில் பாலிமரை எடுத்து, சுற்றிக்கொண்டிருக்கும் தண்ணீரில் ஊற்றுவோம். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு சென்ட்ரிஃபியூஜுக்குக் கொடுப்போம். தினமும் சாயங்காலம் வடிகட்டியைத் திறந்தால் உள்ளே கைப்பிடி கைப்பிடியாக மீன் கண் இருக்கும். கரையாமல் திரண்டுபோன பாலிமருக்கு இந்தத் தொழிலில் அதுதான் பெயர். வெளியே கண்ணாடி மாதிரி வழுவழு, நசுக்கினால் உள்ளே வெள்ளையாகப் பிசுபிசு. ஒவ்வொன்றும் காசு கொடுத்து வாங்கி, வேலை செய்யாமலே குப்பைக்குப் போகிற பாலிமர். அதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துதான் இந்த யூனிட்டைக் கேட்டு வாங்கினேன்.

அந்த மீன் கண் ஏன் வருகிறது என்று புரிந்தால்தான் இந்த மிஷின் செய்யும் வேலை புரியும். எமல்ஷன் பாலிமர் பார்க்கப் பால் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது மினரல் ஆயில். அந்த எண்ணெய்க்குள் பாலிஅக்ரிலமைடு பொடிப்பொடித் துளிகளாக மிதக்கிறது. துளிகளுக்குள் பாலிமர் இழைகள் நூல் பந்து மாதிரி சுருண்டு கிடக்கும். தண்ணீரில் விழுந்ததும் எண்ணெய் விலகி, தண்ணீர் உள்ளே போய், பந்து அவிழ்ந்து இழை நீள வேண்டும். இது நடப்பதற்காகவே சர்ஃபாக்டன்ட் என்னும் சோப்பு மாதிரிப் பொருள் கொஞ்சம் சேர்த்துத்தான் டிரம்மில் வருகிறது. எல்லாத் துளிக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கிடைத்தால் நல்லபடியாக அவிழும். நாலு துளி ஒட்டிக்கொண்டு விழுந்தால் வெளித்தோல் மட்டும் ஊறி உப்பி, உள்ளே தண்ணீர் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். மீன் கண் பிறப்பது அங்கேதான்.

ஆகவே முதல் நொடியில் பலமாக அடித்துக் கலக்க வேண்டும். இழை அவிழ்ந்த பிறகு அதே பலத்தில் அடித்தால் அது அறுந்துபோகும். அறுந்த இழையால் கசடைச் சேர்த்துப் பிடிக்க முடியாது. எங்கள் பழைய தொட்டி சரியாக இதற்குத் தலைகீழாக வேலை செய்தது. முதல் நொடியில் மெதுவாக, அடுத்த அரை மணி நேரம் ஓயாமல்.

புது யூனிட்டில் தண்ணீர் வரும் வழியில் வடிகட்டி, பிரஷர் ரெகுலேட்டர், சொலினாய்டு வால்வு, ஃப்ளோ சுவிட்ச், ரோட்டாமீட்டர். பாலிமர் பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ பம்ப். இரண்டும் சந்திக்கிற இடத்தில், ஒரு பக்கம் மட்டும் போகவிடும் ஸ்பிரிங் வைத்த செக் வால்வ். அதைத் தாண்டியதும் உள்ளங்கை அகல இம்பெல்லர் வேகமாகச் சுற்றும் சின்ன அறை. அறையின் முகப்பு கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக். முதல் நாள் ஓட்டியபோது அதன் முன்னால் உட்கார்ந்தே இருந்தேன். செக் வால்வில் இருந்து வெள்ளையாக ஒரு கீற்று வந்தது, இம்பெல்லரைத் தொட்டதும் புகை மாதிரி கலைந்தது, வெளியே போகும்போது மங்கலான ஒரே நிறம். வடிகட்டியில் அன்று ஒரு மீன் கண் கூட இல்லை. உடன் இருந்த ஆபரேட்டர் வடிகட்டியை இரண்டு தடவை திறந்து பார்த்தார்.

நாங்கள் வைத்திருக்கும் அளவு: முதல் கட்டத்தில் மணிக்கு 1200 லிட்டர் தண்ணீருக்கு 6 லிட்டர் பாலிமர், அதாவது ஏறக்குறைய 0.5 சதவீதம். அதற்குப் பிறகு வேறொரு லைனில் இன்னொரு 1200 லிட்டர் தண்ணீர் சேர்ந்து 0.25 சதவீதமாக சென்ட்ரிஃபியூஜுக்குப் போகும். இது டிரம்மில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்ட கணக்கு. அதில் பாலிமர் மட்டும் 40 சதவீதம் என்றால், முதல் கட்டத்தில் உண்மையில் இருப்பது 0.2 சதவீதம்தான். சப்ளையரோடு பேசும்போது எந்தக் கணக்கில் பேசுகிறோம் என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எங்களுக்கு இதில் ஒரு வாரம் குழப்பம்.

இரண்டு கட்டம் எதற்கு, மொத்தத் தண்ணீரையும் முதலிலேயே விட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. ஒரு நாள் செய்தும் பார்த்தேன். மதியத்துக்குள் பிழிந்து வரும் தண்ணீர் சாம்பல் நிறமாகிவிட்டது. ஷிப்ட் சீனியர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தண்ணி ஜாஸ்தியானா அந்த சர்ஃபாக்டன்ட்டும் நீர்த்துப்போயிடும்ல? அப்புறம் எண்ணெயை எது உடைக்கும்?" அவர் சொன்னதுதான் சரி. முதல் கட்டம் கெட்டியாக, 0.5 முதல் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அவிழ்ந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் தண்ணீர் சேர்க்கலாம்.

இனி இரண்டாம் வருடத்துக் கோபம். அந்த செக் வால்வைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். ஒரு பக்கம் தண்ணீரே படக்கூடாத பாலிமர், மறுபக்கம் அழுத்தத்தோடு தண்ணீர். நடுவில் இருப்பது ஒரு ஸ்பிரிங்கும் சின்ன ரப்பர் சீட்டும்தான். ரப்பர் கொஞ்சம் தேய்ந்தாலும், ஒரு துகள் மாட்டினாலும், யூனிட் நிற்கும் நேரத்தில் தண்ணீர் பின்னால் கசிந்து பாலிமர் குழாய்க்குள் போகும். போன தண்ணீர் அங்கேயே பாலிமரை ஊறவைத்து அடைப்பாக மாற்றிவிடும். ஒரு திங்கட்கிழமை காலையில் யூனிட்டைப் போட்டால் பம்ப் உறுமுகிறது, பாலிமர் வரவில்லை. கழற்றினால் குழாய்க்குள் கட்டைவிரல் நீளத்துக்கு வெள்ளை ரப்பர் மாதிரி ஒன்று. இழுத்தால் நீளுகிறது, விட்டால் சுருங்குகிறது, அறுபடவே இல்லை.

அன்று இன்னொரு தப்பும் நடந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் நல்ல எண்ணத்தில் அந்தக் குழாயை ஹோஸ் தண்ணீரில் கழுவிவிட்டான். குழாய்ச் சுவரில் மெல்லியதாக ஒட்டியிருந்த பாலிமர் எல்லாம் உப்பிக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை மறுநாள் வரை இழுத்தது. அவனைக் குறை சொல்ல முடியாது, நாங்கள்தான் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது அந்த யூனிட் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்: பாலிமர் பக்கம் தண்ணீர் படக்கூடாது. அந்தப் பக்கத்தைத் துடைக்க உலர்ந்த துணி, அலசுவதற்கு மினரல் ஆயில்.

இதே தொல்லை அந்த வருடத்தில் மூன்று தடவை. சர்வீஸ் ஆள் வந்து ஒவ்வொரு தடவையும் வால்வை மாற்றினாரே தவிர, ஏன் வருகிறது என்று பார்க்கவில்லை. கடைசியில் நாங்களே நிற்கும் நேரத்து வரிசையைக் கவனித்தோம். ஸ்டாப் அழுத்தியதும் பம்பும் தண்ணீரும் ஒன்றாக நின்றன. கலக்கும் அறையில் கெட்டிக் கரைசல் அப்படியே தங்கி, வால்வின் வாயில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. பேனலில் டைமரை மாற்றி, பாலிமர் பம்ப் முதலில் நிற்கவும், தண்ணீர் மேற்கொண்டு மூன்று நிமிடம் ஓடி அறையைக் கழுவவும் செய்தோம். செக் வால்வுக்கு முன்னால் ஒரு பால் (ball) வால்வும் போட்டோம். நீண்ட நேரம் நிறுத்தினால் அதைக் கையால் மூடிவிடுவோம். மூடியபடியே பம்பைப் போட்டுவிடாமல் இருக்க பட்டன் அருகில் ஒரு அட்டை தொங்கும். அதற்குப் பிறகு அந்த அடைப்பு வரவில்லை. ஆனாலும் ரப்பர் சீட்டை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறோம், முழு வால்வு ஒன்றும் அலமாரியில் எப்போதும் இருக்கும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிக்கனம் என்று நினைத்து ஆரம்பத்தில் எங்கள் நிலையத்திலேயே சுத்திகரித்த தண்ணீரைத்தான் யூனிட்டுக்கு விட்டோம். அதில் குளோரின் மிச்சம் இருந்தது, மிதக்கும் துகளும் இருந்தது. குளோரின் பாலிமர் இழையை அறுக்கும். கரைந்த இரும்பும் கெடுதல்தான். துகளோ, பாலிமரைத் தானே கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், வடிகட்டியையும் அடைக்கும். கலக்கும் தண்ணீரை மட்டும் நல்ல தண்ணீராக மாற்றி, இரண்டாம் கட்டத் தண்ணீரை அப்படியே விட்டுப் பார்த்தோம். முதல் கட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. பாலிமர் பம்ப் செட்டிங்கைக் குறைத்தும் கேக், அதாவது பிழிந்த கசடு, உதிராமல் வந்தது. குளிர் காலத்தில் தண்ணீர் சில்லென்று இருந்தால் கரைவது மெதுவாகும், அதையும் மனதில் வையுங்கள்.

வாங்கும்போது விற்பனை ஆள் அடித்துச் சொன்ன ஒரு விஷயத்தை நான் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், இதுக்கு ஏஜிங் டேங்க் தேவையே இல்லை, நேரா லைன்ல கொடுக்கலாம்" என்றார். கரைசலைக் கொஞ்ச நேரம் ஊறவிடும் தொட்டிதான் ஏஜிங் டேங்க். நேராகக் கொடுத்தால் வேலை நடக்கிறது, உண்மைதான். ஆனால் பாலிமர் முழுதாக அவிழ நேரம் வேண்டும். அதை நாங்கள் சாதாரண முறையில் பார்த்தோம்: முனை குறுகிய ஒரு கண்ணாடிப் புனலில் 100 மி.லி. கரைசலை ஊற்றி வடிகிற நேரத்தைக் குறித்தோம். யூனிட்டில் இருந்து எடுத்த உடனே ஒன்று, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒன்று. நேரம் கூடிக்கொண்டே போய், அரை மணிக்கு மேல் கூடவில்லை. அப்படியானால் எங்கள் பாலிமருக்கு, எங்கள் தண்ணீரில், அரை மணி நேரம் தேவை. அந்த அளவுக்கு ஒரு தொட்டி வைத்தோம். அதில் மெதுவாகச் சுற்றும் அகலமான துடுப்பு ஒன்றுதான் இருக்கிறது. தொட்டியில் இருந்து எடுக்க சென்ட்ரிஃபியூகல் பம்ப் போடாதீர்கள், அவிழ்ந்த இழையை அதுவே அறுத்துவிடும். ஸ்க்ரூ பம்ப்தான் சரி. தொட்டி வந்த பிறகு, ஐந்து நாளில் காலியாகும் டிரம் ஏழாம் நாள் வரை வருகிறது.

டிரம்மும் கவனம் கேட்கும். நின்றுகொண்டே இருந்தால் பாலிமர் கீழே இறங்கும், எண்ணெய் மேலே தங்கும். கலக்காமல் அடியில் இருந்து உறிஞ்சினால் முதல் நாள் கெட்டி, கடைசி நாள் வெறும் எண்ணெய். பம்ப் அளவை மாற்றாமலே டோஸ் மாறிக்கொண்டிருக்கும், காரணம் புரியாது. திறந்த டிரம்மின் காற்றுத் துளையில் சிலிக்கா ஜெல் வைத்த மூடி போடுங்கள், இல்லையென்றால் ஈரம் போய் மேலே தோல் கட்டும். யூனிட்டில் அளவுகோல் போட்ட குழாய் ஒன்று இருக்கும், பம்ப் ஒரு நிமிடத்தில் எத்தனை மி.லி. இழுக்கிறது என்று பார்க்க. ஒவ்வொரு புது டிரம்முக்கும் அதில் பாருங்கள். பேனலில் காட்டும் எண்ணை மட்டும் நம்பி நான் ஒரு வருடம் ஓட்டினேன், அது உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

கீழே சிந்தினால் ஹோஸைத் திறக்காதீர்கள். தண்ணீர் பட்ட பாலிமர் தரை மாதிரி வழுக்குவது வேறெதுவும் இல்லை. எங்களில் ஒருவர் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மணலோ மரத்தூளோ போட்டு முழுக்க அள்ளிவிட்டு, கடைசியில்தான் கழுவ வேண்டும்.

தேய்மானம் என்று பார்த்தால் ஸ்க்ரூ பம்பின் ரப்பர் ஸ்டேட்டர் இரண்டு தடவை போனது. இரண்டும் டிரம் காலியானதைக் கவனிக்காமல் வறட்டு ஓட்டம் ஓடியதால். இப்போது டிரம் அடியில் லெவல் சென்சார் இருக்கிறது. கலக்கும் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் நாலாம் வருடம் கசிந்தது, மாற்றினோம். மோட்டார் இன்றுவரை ஒரு குறையும் சொல்லவில்லை. ஃப்ளோ சுவிட்ச் இரண்டு தடவை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. தண்ணீர் நின்றதும் பாலிமர் பம்பையும் அது நிறுத்தியிராவிட்டால் அறை முழுவதும் கெட்டிப் பாலிமர் நிறைந்திருக்கும்.

இன்னொன்று வாங்கினால் செக் வால்வைக் குழாய் எதையும் அசைக்காமல், ஒரு ஸ்பானரில் கழற்ற முடிகிறதா என்பதைத்தான் முதலில் கேட்பேன். இதில் அதை எடுக்க நாலு போல்ட்டும் குழாயை இணைக்கும் ஒரு யூனியனும் கழற்ற வேண்டியிருக்கிறது, அதனாலேயே ஆட்கள் தள்ளிப்போடுகிறார்கள். பார்வைக் கண்ணாடி இல்லாத மாடல் மலிவாகவே கிடைத்தாலும் எடுக்க மாட்டேன். தினமும் காலையில் யூனிட்டைப் போட்டதும் அந்த வெள்ளைக் கீற்று எப்படிக் கலைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் சென்ட்ரிஃபியூஜ் பக்கமே போவேன். நேற்று அது கொஞ்சம் சாய்ந்து வந்தது. வால்வைக் கழற்றிப் பார்த்தபோது ரப்பர் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு.