கழுத்திலிருந்து கிடார் கழன்று விழாமல் இருக்க: எட்டு வருட அனுபவம்

மேடையில் எலெக்ட்ரிக் கிடார் கீழே விழுந்தால் சத்தம் இரண்டு தடவை வரும். முதலில் மரம் பலகையில் மோதும் சத்தம். அடுத்த நொடியே, ஆம்ப் ஆனில் இருப்பதால், ஆறு கம்பியும் சேர்ந்து அலறும். 2017 ஆடி மாதம், திருநெல்வேலிப் பக்கம் ஓர் அம்மன் கோயில் கொடையில் என் கிடாரிலிருந்தே அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிசைக் குழுவில் லீட் கிடார் வாசிக்கிறேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்கு, கிடாரின் ஒலியை மாற்றும் பெடலின் குமிழைத் திருப்பக் குனிந்தேன். நிமிர்ந்தபோது கிடாரைத் தோளில் தொங்கவிடும் வார் (ஸ்ட்ராப்) பின்பக்கத்தில் கழன்றிருந்தது. முன்பக்கம் மாட்டியிருந்ததால் கிடார் தொட்டில் மாதிரி ஒரு வீச்சு வீசி, அடிப்பகுதி நேராகப் போய்ப் பலகையில் இடித்தது. ஜாக்கில் செருகியிருந்த பிளக்தான் முதலில் தரையைத் தொட்டது. பிளக் வளைந்து, ஜாக்கின் தகடு உள்ளே போய், விளிம்பு மரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு விட்டது. கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கு வரை வார் என்பது சும்மா மாட்டிக்கொள்ளும் ஒன்று என்றுதான் இருந்தேன். அதற்குப் பிறகு நான் மாட்டிப் பார்த்தது, கழற்றிப் பார்த்தது, இன்றைக்கும் வைத்திருப்பது எல்லாவற்றையும் எழுதுகிறேன். புதிதாக மேடை ஏறும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில், வார் எப்படிக் கழல்கிறது? இழுபட்டு நிற்கும்போது அது கழலாது. நேராக நின்று வாசிக்கும்போது கிடாரின் எடை வாரின் தோலை, கிடாரில் திருகியிருக்கும் சின்னக் குமிழான பட்டனின் கழுத்தில் அழுத்திப் பிடித்திருக்கும். தொய்யும்போதுதான் ஆபத்து. குனிகிறோம், உட்காருகிறோம், கிடாரைத் தொடையில் சாய்க்கிறோம், தண்ணீர் குடிக்க கிடாரைப் பக்கவாட்டில் திருப்புகிறோம். அந்த நேரத்தில் வாரில் இழுவையே இல்லை. தோல் ஓட்டை பட்டனின் தலை வரைக்கும் ஏறி வந்து விளிம்பில் உட்கார்ந்திருக்கும். நமக்குத் தெரியாது. மறுபடி எடை இறங்கும்போது உள்ளே போவதற்குப் பதில் வெளியே போய்விடும். நான் குனிந்தபோது நடந்ததும் இதுதான். அதோடு நம் ஊர் வியர்வையில் தோல் ஊறி ஊறி, ஓட்டை வாங்கிய நாளில் இருந்ததைவிடப் பெரிதாகிவிடுகிறது. என் வார் மூன்று வருடப் பழையது. வீட்டுக்கு வந்து பார்த்தேன், பட்டன் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது.

எந்தப் பக்கம் கழன்றாலும் சேதம்தான், ஆனால் முன்பக்கம் கழன்றால் கிடாரின் தலை தரைக்குப் போகும். கிப்சன் லெஸ் பால் வகைக் கிடார் வைத்திருப்பவர்கள் இதை நினைத்துப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதில் தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், கழுத்து மகோகனி மரம், நட்டுக்கு (தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டை) அப்பால், கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருகுவதற்காக மரத்தைக் குடைந்தும் இருப்பார்கள். சாய்வினால் மரத்தின் நாரும் அந்த இடத்தில் குறுக்கே வெட்டுப்படுகிறது. பலவீனம் எல்லாம் ஒரே அங்குலத்தில் கூடிவிடுகிறது. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி தலை சாயாத, மேப்பிள் கழுத்துக் கிடார்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாங்கும். தாங்கும் என்பதற்காகப் போட்டுப் பார்க்க முடியாது.

சரி, நான் முதலில் செய்தது காசு செலவில்லாத வேலை. பழைய சைக்கிள் ட்யூப்பில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வட்டம் வெட்டி, நடுவில் சின்னதாக ஓட்டை போட்டு, வாரை மாட்டிய பிறகு பட்டன் தலைக்கு மேல் இழுத்து நுழைத்தேன். ரப்பர் பட்டனின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தோல் எவ்வளவு தொய்ந்தாலும் ரப்பரைத் தாண்டி வராது. வெளிநாட்டில் இதற்கு கிரோல்ஷ் பீர் பாட்டில் மூடியின் சிவப்பு ரப்பர் வளையத்தைப் போடுவார்கள். ஃபெண்டர் கம்பெனியே ஸ்ட்ராப் பிளாக் என்று இதே மாதிரி ரப்பரை விற்கிறது. ஒரு வருடம் சைக்கிள் ட்யூப்போடு வாசித்தேன், ஒரு தடவைகூடக் கழலவில்லை. கையில் காசில்லாத மாணவர்கள் யார் கேட்டாலும் இன்றைக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். ரப்பர் காய்ந்து ஓரத்தில் வெடிக்க ஆரம்பித்தால் உடனே மாற்றிவிட வேண்டும். அப்புறம், நைட்ரோசெல்லுலோஸ் பாலிஷ் போட்ட விலையுயர்ந்த கிடாராக இருந்தால் ரப்பர் உடம்பில் படக்கூடாது, பாலிஷ் இளகிக் கறை பிடித்துவிடும். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் பாலி (பிளாஸ்டிக் மாதிரியான) பூச்சுக் கிடார்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

2018இல் இணையத்தில் ஒரு ஸ்ட்ராப் லாக் வாங்கினேன். பெயர் எதுவும் அச்சடிக்காத பிளாஸ்டிக் கவரில் வந்தது. லாடம் வடிவத்தில் ஓர் இரும்புத் துண்டு வாரோடு சேர்ந்திருக்கும், கிடாரில் உள்ள பட்டன் அதற்குள் வந்து உட்காரும், நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் ஊசி மாதிரியான 'பின்' ஒன்று பட்டனின் துளைக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். அமைப்பு நல்ல அமைப்புதான். ஆனால் லாடத்தை வாரோடு பிடித்திருக்கும் நட் நாலைந்து மாதத்தில் தளர்ந்துபோனது. ஏன் என்று அப்போது புரியவில்லை. பிறகு யோசித்தால் காரணம் எளிது: புதுத் தோல் தடிப்பாக இருக்கும்போது நட்டை முறுக்குகிறோம். போகப்போகத் தோல் அமுங்கி மெலிகிறது, நட்டுக்கும் தோலுக்கும் நடுவே இடம் வந்துவிடுகிறது. மறுபடி முறுக்கி, மரையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டேன். அதன் பிறகு தளரவில்லை.

தளராத அந்த லாக்தான் அடுத்த வருடம் கிடாரைக் கீழே விட்டது. லாக் திறக்கவில்லை. வார், லாடம், பட்டன், ஸ்க்ரூ எல்லாம் ஒன்றோடொன்று மாட்டிய நிலையிலேயே என் தோளில் தொங்கின. ஸ்க்ரூ மரத்திலிருந்து மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. அன்று கல்யாண வரவேற்பு, இடக்கை கழுத்தைப் பிடித்திருந்ததால் கிடார் தொடையில் சரிந்து நின்றுவிட்டது. ஸ்க்ரூவை எடுத்துப் பார்த்தேன். அதன் மரைகளுக்கு நடுவே வெளிர் நிறத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது. அடியில் ஓட்டை, சுவரெல்லாம் வழுவழுப்பாக, ஒரு பென்சில் போகும் அளவுக்கு அகன்றிருந்தது.

எங்கள் தெருவில் இருக்கும் ஆசாரியிடம் கொண்டுபோனேன். ஓட்டைக்குள் விரல் நகத்தை விட்டுப் பார்த்தார். லாக்கைக் கையில் வாங்கித் திறந்து மூடினார்.

"தம்பி, பூட்டு நல்ல பூட்டுதான். நிலை இத்துப்போச்சுன்னா பூட்டு என்ன செய்யும்?"

நான் இந்த எட்டு வருடத்தில் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது. லாக் வாங்குகிற நாம் எல்லோரும் லாக்கையே பார்க்கிறோம். கிடாரின் முழு எடையும், லெஸ் பால் என்றால் நான்கு கிலோ அளவுக்கு, ஒரு சின்ன மர ஸ்க்ரூவில்தான் தொங்குகிறது. லாக்கோடு வந்த ஸ்க்ரூ என் பழைய ஸ்க்ரூவைவிட மெல்லியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பழைய ஓட்டையில் மெல்லிய ஸ்க்ரூவை முறுக்கினேன், 'டைட்டாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவிட்டேன். ஒரு வருட ஆட்டத்தில் அது மரத்தைத் தின்றுவிட்டது.

ஆசாரி ஓட்டையைச் சுத்தமாக வட்டமாகத் துளைத்து, வைரம் பாய்ந்த மரத்தில் ஒரு குச்சி செதுக்கி, பெவிகால் தடவி அடித்து இறக்கினார். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மறுநாள் அதன் நடுவில் ஸ்க்ரூவின் தண்டைவிடச் சற்றுச் சின்னதாகத் துளை போட்டார். ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு முறுக்கினார். "சோப்பு தேய்ப்பாங்க சில பேரு. அது ஈரத்தை இழுக்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும்" என்றார். ஓட்டை லேசாகத்தான் அகன்றிருக்கிறது என்றால் இவ்வளவு வேலை வேண்டாம். பல் குத்தும் குச்சி இரண்டு மூன்றைப் பெவிகாலில் நனைத்து உள்ளே செருகி, காய்ந்த பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு ஸ்க்ரூவைப் போடலாம். வீட்டிலேயே செய்யலாம். காய்வதற்கு முன் அவசரப்பட்டு முறுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அப்போது மாட்டியதுதான் ஷாலர் எஸ்-லாக். 2019இலிருந்து இன்று வரை அதே செட். ஜெர்மன் கம்பெனி. விலை, நாலைந்து செட் கம்பி வாங்கும் காசு. யோசித்துத்தான் வாங்கினேன். லாடமும் பின்னும் பழைய மாதிரியேதான், ஆனால் வாரைப் பிடிக்கும் இடத்தில் சாதாரண நட்டுக்குப் பதில் ஒரு வளையம், அதைப் பக்கவாட்டில் சிறிய ஆலன் ஸ்க்ரூ ஒன்று நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தோல் அமுங்கினாலும் வளையம் தானாகச் சுழலாது. இந்த ஆறு வருடத்தில் கொடை, ஆலயப் பண்டிகை, வரவேற்பு என்று எத்தனையோ மேடை. ஒரு தடவைகூடக் கழலவில்லை. கொரோனா சமயம் கச்சேரியே இல்லாமல் மாதக்கணக்கில் கிடாரைப் பெட்டியிலேயே போட்டு வைத்த தப்புக்கு, லாக்கின் பின் கொஞ்சம் இறுகியிருந்தது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் பழையபடி ஓடியது.

லாட வடிவத்தில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தப் பின் ஏதோ காரணத்தால் வேலை செய்யாமல் போனாலும் கிடார் லாடத்தின் மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும் என்பது. அதற்கு லாடத்தைச் சரியான பக்கம் வைக்க வேண்டும். அதன் மூடிய வளைவு வாரின் நுனிப் பக்கம், அதாவது பட்டனுக்கு அடியில் வர வேண்டும். திறந்த வாய் தோளைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிக்கொண்டு வாசிக்கும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். அப்போது மொத்த எடையும் அந்தச் சின்னப் பின்னுக்குப் போய்விடும்.

எங்கள் பேஸ் வாசிக்கும் அண்ணன் டன்லப் ஸ்ட்ராப்லாக் வைத்திருக்கிறார். அது வேறு வழி: நடுவில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் தண்டின் சின்னக் குண்டுகள் உள்ளே போகும், பட்டனின் குழிக்குள் செருகிப் பொத்தானை விட்டால் குண்டுகள் வெளியே வந்து பிடித்துக்கொள்ளும். ஒரு விரலில் கழற்றலாம், மாட்டலாம். பாட்டுக்குப் பாட்டு கிடார் மாற்றுகிறவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் 'க்ளிக்' என்று உட்கார்ந்ததா என்று ஒவ்வொரு தடவையும் வாரை இழுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அண்ணன் அதை மறந்து நான் பார்த்ததில்லை.

அக்கூஸ்டிக் கிடார் தனிக் கதை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வாசிப்பது எலெக்ட்ரோ அக்கூஸ்டிக். அதில் அடிப்பக்கத்துப் பட்டனே ஜாக்கும்கூட. அதன் மேல் பகுதி தடிமன், வாரைப் பிடிக்கும் பள்ளமோ ஆழமில்லை. கேபிளை வேறு அங்கேதான் செருகுகிறோம். யாராவது ஒயரை மிதித்தால் பிளக் இழுபட்டு வாரையும் தள்ளிவிடும். கேபிளை வாருக்கும் கிடாருக்கும் நடுவே ஒரு சுற்று விட்டுச் செருகினால் அந்த இழுப்பு ஜாக்குக்குப் போகாது. எலெக்ட்ரிக்குக்கும் இதையே செய்கிறேன். முன்பக்கத்துக்குப் பட்டனே இல்லாத கிடார்களில் ஷூ லேஸால் நட்டுக்குப் பின்னால், கம்பிகளுக்கு அடியில் கட்டுகிறோம். அந்த முடிச்சைத்தான் நான் கொஞ்சமும் நம்புவதில்லை. கழுத்து உடம்போடு சேரும் ஹீலில் ஒரு பட்டன் போட்டுக்கொள்வது நல்லது, ஆனால் துளை போடும் வேலையை கிடார் பழுது பார்ப்பவரிடமே விடுங்கள். உள்ளே கழுத்தின் இணைப்பு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் டிரில் வைக்கக்கூடாது. என்னுடையதில் அவர் போட்டுக் கொடுத்த பட்டனில் சைக்கிள் ட்யூப் வட்டம்தான் இன்றும் இருக்கிறது. ஜாக் பக்கத்துக்கு நல்ல இறுக்கமான புது வார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாரை மாற்றிவிடுகிறேன்.

குறை என்று சொன்னால், லாக்கின் ஒரு பாதி வாரிலேயே தங்கிவிடுவதால் கிடாருக்கு ஒரு வார் என்று ஒதுக்கிவிட வேண்டியிருக்கிறது. இன்னொரு கிடாருக்கு அதே வாரை மாட்ட வேண்டுமென்றால் அதற்கும் பட்டன் வாங்க வேண்டும். வாரைக் கழற்றாமல் பையில் வைத்தால் இரும்பு உடம்பில் உரசிக் கீறல் விழும். இவை எல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மாதம் ஒரு தடவை, கொடைக் காலத்தில் ஒவ்வொரு மேடைக்கு முன்பும், ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரண்டு பட்டனையும் கால் சுற்று முறுக்கிப் பார்க்கிறேன். கை எதிர்ப்பை உணர்ந்தால் போதும், அதற்கு மேல் பலமாக முறுக்கினால் நாமே மரையைக் கெடுத்துவிடுவோம். ஸ்க்ரூ நிற்காமல் சுற்றிக்கொண்டே போனால் அந்தக் கிடாரை அன்று மேடைக்கு எடுப்பதில்லை.

போன வாரம் ஆலயத்தில் புதிதாக வந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அவன் மாமா கொடுத்த எலெக்ட்ரிக் கிடாரைக் கொண்டுவந்தான். பின் பட்டனைக் கையால் ஆட்டினேன், ஆடியது. ஸ்க்ரூவை விரலாலேயே கழற்ற முடிந்தது. நாளை சனிக்கிழமை, பல் குச்சியும் பெவிகாலும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறேன். ஒரு நாள் காய வேண்டும், அதனால் இந்த ஞாயிறு அவன் என் அக்கூஸ்டிக்கை வாசிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.