முப்பத்திரண்டு ரூபாய் குறைகிறது

நாத்தனார் போன வாரம் போனில் கேட்டாள்: "அண்ணி, அந்த சூப்பர் மார்க்கெட் கூப்பனால நிஜமாவே மிச்சம் இருக்கா? எங்க ஏரியாவுலயும் கடை திறந்துட்டாங்க." மூன்று வருடமாக அந்தக் கூப்பனோடு மல்லுக்கட்டுகிறவள் நான். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

பில்லின் வாலில் அச்சாகி வருமே, அடுத்த மாதம் 1,000 ரூபாய்க்கு வாங்கினால் 100 ரூபாய் தள்ளுபடி, அதுதான். அரிசி, சர்க்கரை, சமையல் எண்ணெய், பால் கணக்கில் சேராது. சோப்பு, பேஸ்ட், பிஸ்கட், டீத்தூள், மசாலாப் பொடி வகையறாவே ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். எங்கள் வீட்டுக்கு அது 1,040 பக்கம் வரும். தள்ளுபடி போக 940. குறையே சொல்ல முடியாது.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி குறைந்ததே, அங்கே பிடித்தது வினை. குளியல் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், தலைக்கு எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. (வாஷிங் பவுடர் மட்டும் 18-லேயே நிற்கிறது. அதன் மேல் என்ன கோபமோ.) அடுத்த முறை அதே சாமான்களை எடுத்துப்போனால் பில் 968. கூப்பன் ஏறவில்லை.

"இன்னும் 32 ரூபாய்க்கு ஏதாவது எடுத்துக்கோங்கக்கா" என்றாள் கவுண்டர் பெண். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். கைக்கு எட்டியது 185 ரூபாய் ஓட்ஸ். எங்கள் வீட்டில் ஓட்ஸ் சாப்பிட ஆளே கிடையாது. தள்ளுபடி போக பில் 1,053. விலை ஏறியிருந்தபோது 940 கொடுத்தவள், இறங்கிய பிறகு 1,053 கொடுத்துவிட்டு வந்தேன்.

இதில் கூப்பனைத் திட்டுவது நியாயமில்லை, தெரியும். அப்புறம்தான் கொஞ்சம் புத்தி வந்தது. இப்போது குறைகிற தொகையை ஷாம்பு சாஷே சரத்தால் நிரப்புகிறேன். எப்படியும் தீரப்போகிற சாமான். பாக்கெட்டில் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் கிராமுக்கு எவ்வளவு, மில்லிக்கு எவ்வளவு என்று போட்டிருப்பதையும் பார்க்கிறேன். பாட்டிலைவிட சாஷே மலிவு என்பது அப்படித்தான் தெரிந்தது. சோப்பும் வாஷிங் பவுடரும் கெட்டுப்போகாது. இரண்டு மாதத்துக்கு ஒரேயடியாக வாங்கினால் ஆயிரம் தானாகத் தாண்டும்.

இன்னொன்று, அந்த பில் காகிதம் சூடு தாங்காது. அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தேன், பத்தே நாளில் வெள்ளைத்தாள். வந்ததும் போட்டோ எடுத்துவிட வேண்டும். கூப்பன் நம்பரைச் சொன்னால் தட்டிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி அண்ணி, அப்போ அந்தக் கடையிலேயே வாங்கலாமா?" என்றாள். வேண்டாம், பேசாமல் அண்ணாச்சி கடையிலேயே வாங்கு, கொசுறாகக் கறிவேப்பிலையாவது கிடைக்கும் என்றேன்.

என் கூப்பன் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. லிஸ்ட் போட்டுப் பார்த்துவிட்டேன், 1,012 வருகிறது.