1,480 சிங்கப்பூர் வெள்ளி போச்சு: மினியேச்சர் வீட்டுக்கு ஆர்டர் கொடுக்கிறவங்க இதைப் படிச்சிட்டுக் கொடுங்க

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன். ஆறிட்டா "போகட்டும், காசுதானே"ன்னு விட்டுடுவேன், என் சுபாவம் அப்படி. ஆனா இது போகட்டும்னு விடுற தொகை இல்ல. 1,480 வெள்ளி.

எந்த ஆப், யாருன்னு பேர் போடப் போறதில்ல. போட்டா எனக்கே லாயர் லெட்டர் வரும்னு அண்ணன் பயமுறுத்தி வச்சிருக்கார். ஒருத்தர் வீட்டில இருக்கிறதை இன்னொருத்தர் வாங்குறதுக்குன்னு எல்லார் போன்லயும் ஒண்ணு இருக்குமே, அந்த வகை ஆப். அதுல கைவேலைப் பொருள் செஞ்சு விக்கிற ஒருத்தர். நம்ம ஆள். அதாவது தமிழர். அதைச் சொல்லித்தான் ஆகணும், ஏன்னா கதையே அங்கதான் இருக்கு.

நான் ஒரு பொம்மை வீடு கட்டிக்கிட்டிருக்கேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்குங்க. ஸ்டீம்பங்க் பாணி. விக்டோரியா ராணி காலத்து நீராவி எஞ்சின், பல்சக்கரம், பித்தளைக் குழாய் எல்லாம் ஓய்ந்து போகாம மேல மேல வளர்ந்திருந்தா உலகம் எப்படி இருக்கும்கிற கற்பனைதான் அது. என் வீட்டில குடியிருக்கிறவர் ஒரு தாத்தா. ஆகாயக் கப்பல் கேப்டனா இருந்து ரிட்டையர் ஆனவர். வேட்டி கட்டி, வெல்டிங் கண்ணாடியை நெத்திக்குத் தூக்கி விட்டிருப்பார். கீழே கொதிகலன் அறை. அங்கிருந்து ஒரு செப்புக் குழாய் சுவரோரமா வளைஞ்சு ஏறி, நூலகத்தைத் தாண்டி, மேல்மாடிச் சமையலறையில இருக்கிற ராட்சச ஃபில்டர் காபி மெஷினுக்குப் போகுது. ஒரு டபரா காபிக்கு ஏழு பல்சக்கரம் சுத்தணும். கூரையில குட்டி ஆகாயக் கப்பல் கட்டியிருக்கு, அந்தக் கயித்துலதான் தாத்தாவோட துண்டு காயுது.

அளவு 1:12. நிஜத்துல ஒரு அடின்னா இங்க ஒரு அங்குலம். தாத்தா ஆறடி, அதனால பொம்மை ஆறு அங்குலம். சுவர், தளம், சுழல் படிக்கட்டு எல்லாம் பிளைவுட்ல நானே அறுத்து, மணல்தாள் போட்டு, ஒட்டினது. பித்தளை வேலை, ஜன்னல், விளக்கு வயரிங், மேசை நாற்காலி, இந்த நாலை மட்டும் வெளிய கொடுத்தேன். பித்தளையைப் பற்றவைக்க டார்ச் வேணும். வீட்டில மூணு வயசு வாண்டு ஓடிக்கிட்டிருக்கு, அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில வச்சு நெருப்பு விளையாட்டெல்லாம் முடியாது.

அந்த ஆள்கிட்ட முதல்ல ஆப்லதான் ஆங்கிலத்துல கேட்டேன். என் பேரைப் பார்த்ததும் அவர் உடனே தமிழுக்கு மாறிட்டார். "அக்கா, நீங்க கேக்குற மாதிரி இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. காபி மெஷினா! சூப்பர் கா." அப்புறம் ஒரு மணி நேரம் போன். வின்ட்சர் கோட்டையில இருக்கிற ராணி மேரி பொம்மை வீட்டைப் பத்திப் பேசினார். அதுவும் 1:12 தான், 1924ல முடிச்சாங்க, குழாய்ல தண்ணி வரும், லிஃப்ட் ஓடும், விளக்கு எரியும்னு அடுக்கிக்கிட்டே போனார். பிறகு நான் தேடிப் பார்த்தேன், அவர் சொன்ன ஒவ்வொண்ணும் சரி. எரிச்சலே அதுதான். ஒண்ணும் தெரியாத ஆளா இருந்தா அன்னிக்கே போனை வச்சிருப்பேன். விஷயம் தெரிஞ்சவர். எப்படிச் செய்யணும்னு தெரிஞ்சே செய்யாதவர்.

பேச்சு நல்லா சூடேறின நேரத்துல அந்த வார்த்தை வந்துச்சு. "அக்கா, ஆப்ல கட்டினா அவன் கமிஷன் வெட்டுவான். பொருள் உங்க கைக்கு வர்ற வரைக்கும் எனக்குக் காசும் வராது. நான் முதல்ல பித்தளை வாங்கணும்ல. நேரா பேநவ் பண்ணிடுங்க, அந்தக் கமிஷனை உங்களுக்கே தள்ளித் தரேன். நமக்குள்ள என்ன கா." (பேநவ்னா போன்லேர்ந்து நேரா அவர் பேங்க் கணக்குக்கே பணம் அனுப்புறது.)

நமக்குள்ள என்ன கா! இந்த மூணு வார்த்தைக்கு விலை 1,480 வெள்ளி.

முதல்ல 380 முன்பணம். மாதிரின்னு ஒரு வீடியோ அனுப்பினார், ஒரு கை மட்டும் தெரியுது, சின்ன பித்தளைக் குழாயைப் பற்றவைக்குது, வேலை அவ்வளவு சுத்தம். பிறகு "மெட்டீரியல் விலை ஏறிடுச்சு"ன்னு 600. பிறகு "முடிஞ்சிடுச்சு, பாக்கியைப் போட்டா பேக் பண்ணிடுவேன்"ன்னு 500. கூட்டிக்குங்க.

காசு மட்டும் இல்ல. என்கிட்ட ஒரு மைலோ டின் நிறைய பழைய கைக்கடிகாரச் சக்கரங்கள் இருந்துச்சு. சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில, தரையில துணி விரிச்சு விக்கிற தாத்தாக்கள்கிட்ட ஒவ்வொண்ணாப் பொறுக்கினது. அந்தச் சந்தையை 2017 ஜூலையில மூடிட்டாங்க, இனி அங்க போய் வாங்க முடியாது. "அதையும் கொடுங்க கா, காபி மெஷின்ல நிஜச் சக்கரமே வச்சிடுறேன்"னார். எம்ஆர்டி ரயில் நிலையத்து கன்ட்ரோல் ஸ்டேஷன் பக்கத்துல நின்னு அந்த டின்னை அவர் கையில கொடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கினார், அவ்வளவு மரியாதை.

அதுக்கப்புறம் சாக்கு. சீனப் புத்தாண்டு, சப்ளையர் லீவு. மகளுக்குக் காய்ச்சல். கொரியர்காரன் வந்துட்டுத் திரும்பிட்டான். நான் வீட்டிலயேதான் இருந்தேன், யாரும் வரல. வாட்ஸ்அப்ல நீல டிக் விழும், பதில் வராது. நான் கோபமா எழுதினா மட்டும் "அக்கா டென்ஷன் ஆகாதீங்க"ன்னு ஒரு கைகூப்புற படம் வரும்.

ஒரு வழியா பெட்டி வந்துச்சு. எனக்கு முன்னாடி அம்மாதான் பிரிச்சாங்க. காபி மெஷினைக் கையில எடுத்துத் தூக்கிப் பார்த்தாங்க. "ஏன்டி, பித்தளைன்னியே, கனமே இல்லையே?" நான் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன், பளபளன்னுதான் இருந்துச்சு. அம்மா ஒண்ணும் பேசல. சமையலறைக்குப் போய் நெல்லிக்காய் அளவு புளியை நனைச்சு எடுத்துட்டு வந்து, வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்க்கிற அதே தேய் தேய்ச்சாங்க. பித்தளைன்னா புளி பட்ட இடம் இன்னும் பளிச்சுன்னு மின்னணும். இங்க அம்மாவோட கட்டைவிரல்தான் தங்கக் கலராச்சு. பெயின்ட் உரிஞ்ச இடத்துல சாம்பல் நிற பிளாஸ்டிக், அதுல 3டி பிரின்டர் போட்ட கோடு கோடா வரி. ஏழு சக்கரத்துல ஒண்ணுகூட சுத்தாது, எல்லாம் ஒட்டினது. என் மைலோ டின் சக்கரம் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, முன்பக்கம் கண்ணுல படுற இடத்துல இருந்துச்சு. மிச்சம் எங்க?

மேசை நாற்காலியோ 1:24. அதாவது பாதி அளவு. நிஜ நாற்காலியில உட்கார்ற உயரம் ஒன்றரை அடி, அதனால இங்க ஒன்றரை அங்குலம் இருக்கணும். முக்கால் அங்குலம்தான் இருக்கு. கேப்டன் தாத்தாவை உட்கார வச்சா முழங்கால் தாடையில இடிக்குது, பாலர் பள்ளிக்குப் பேரனைக் கூட்டிட்டுப் போய் அங்கேயே உட்கார்ந்துட்டவர் மாதிரி. ஏற்கெனவே செஞ்சு வச்சிருந்த மலிவு செட்டை எடுத்துப் போட்டுட்டார்னு யாருக்கும் புரியும்.

ஜன்னல்ல கண்ணாடிக்குப் பதிலா இருக்கிற அக்ரிலிக் பிளாஸ்டிக் எல்லாம் வெள்ளையாப் பூத்திருக்கு. சூப்பர் குளூவைக் காத்தோட்டம் இல்லாம அடைச்சு வச்சா, அதோட ஆவி அக்ரிலிக் மேல பனி படிஞ்ச மாதிரி படியும். இந்த வேலை பண்றவங்க முதல்ல கத்துக்கிற பாடம் அது.

விளக்கு விஷயம்தான் வயித்தைக் கலக்குது. 12 வோல்ட் அடாப்டர், மூணு வோல்ட் எல்இடி, நடுவுல மின்சாரத்தை மட்டுப்படுத்துற ரெசிஸ்டர் கிடையாது. ஒவ்வொரு எல்இடிக்கும் 470 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டிருக்கணும், எலெக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற சிம் லிம் டவர்ல சில காசுக்குக் கிடைக்கிற பொருள். ஸ்விட்ச் போட்டேன். படார்னு ஒரு நீல மின்னல், கருகின வாடை, அத்தனை விளக்கும் செத்துடுச்சு. அடாப்டர்ல பாதுகாப்பானதுன்னு காட்டுற சேஃப்டி மார்க் முத்திரை இல்ல. நம்ம ஊர் மூணு பின் பிளக்கும் இல்ல, ரெண்டு பின். பிளைவுட் வீடு சார் இது. பக்கத்துலதான் பிள்ளை விளையாடுது.

கூப்பிட்டேன். எடுக்கல. படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதிலை அப்படியே தரேன்: "அக்கா, ஸ்டீம்பங்க் ஸ்டைலே அதுதான். பழசா, பெயின்ட் உரிஞ்ச மாதிரிதான் இருக்கணும்." ஜன்னலைக் கேட்டா, "நீராவி எஃபெக்ட் கா." விளக்கைக் கேட்டா, "உங்க வீட்டு பிளக் பாயின்ட்ல ப்ராப்ளம் இருக்கும், எலெக்ட்ரிஷியனைக் கூப்பிடுங்க." அளவைக் கேட்டா பதிலே இல்ல. டின்னைக் கேட்டப்ப, "எந்த டின்?"

எந்த டின்னாம்!

ஆப் ஆட்கள்கிட்ட போனேன். "உங்கள் பொறுமைக்கு நன்றி"ன்னு மெஷின் பதில். பல தடவை எழுதின பிறகு ஒரு மனுஷர் வந்து, பணம் ஆப்புக்கு வெளிய போனதால எதுவும் செய்ய முடியாதுன்னுட்டார். அந்த ஆளோட கணக்கை மூடுங்கன்னேன். "பரிசீலிக்கிறோம்." பேங்க்ல கேட்டா, நீங்களே அனுப்பின பணம்கிறாங்க.

குறையுள்ள பொருளை வாங்கினவங்களுக்குன்னு லெமன் லா சட்டம் இருக்கேன்னு பார்த்தேன். 2012 செப்டம்பர்லேர்ந்து இருக்கு. வாங்கி ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா, கொடுக்கும்போதே குறை இருந்ததாத்தான் எடுத்துக்குவாங்க, இல்லன்னு நிரூபிக்க வேண்டியது விக்கிறவர். ஆனா வியாபாரமா நடத்துறவங்ககிட்ட வாங்கினாத்தான் அது செல்லும். இதைச் சொன்னதும் நம்ம ஆள் என்ன சொன்னார் தெரியுமா? "நான் வியாபாரியே இல்ல கா, எனக்கு இது ஹாபி." 380 வெள்ளி கேட்டப்ப இதே வாய்தான் "முழு நேரத் தொழிலே இதுதான் கா, இதை வச்சுத்தான் குடும்பம்"னு சொல்லுச்சு. ரெண்டு மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன். வியாபாரங்களைப் பதிவு பண்ற அக்ராவுல அவர் கடைப் பேரைத் தேடினேன், அப்படி ஒரு பதிவே இல்ல.

சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கிற ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனல்ல போடப் போறேன். 20,000 வெள்ளி வரைக்கும் அங்க எடுத்துக்குவாங்க, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். வக்கீல் கிடையாது, நாமளே பேசணும். சிக்கல் என்னன்னா அவரோட முழுப்பேரும் விலாசமும் வேணும். பார்த்ததெல்லாம் எம்ஆர்டி வாசல்ல. கொரியர் ஸ்டிக்கர்ல இருக்கிற விலாசத்துக்கு அண்ணன் போய்ப் பார்த்தார். பார்சல் போடுற கடை.

"நீ ஏன் ஆப்புக்கு வெளிய கட்டின?"ன்னு கேக்கத் துடிக்கிறவங்களுக்கு: திருடினவனை விட்டுட்டு வீட்டுக்காரியை விசாரிக்காதீங்க. மனுஷன் மனுஷனை நம்புறது குத்தம் கிடையாது.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், தலை வலிக்குது, சுருக்கமாச் சொல்லிடுறேன். ஆப்புக்குள்ள கட்டுங்க, கமிஷன் போனாப் போகுது. படத்தை ரிவர்ஸ் சர்ச் போடுங்க, அதாவது அதே படம் நெட்ல வேற எங்க இருக்குன்னு தேடுங்க, அவர் காட்டின காபி மெஷின் யாரோ வெளிநாட்டுக் கலைஞரோடது. பொருள் பக்கத்துல ரூலர் வச்சு, இன்னிக்குத் தேதி எழுதின சீட்டையும் வச்சுப் படம் கேளுங்க. பித்தளைன்னா எத்தனை கிராம்னு தராசுல வச்சு அனுப்பச் சொல்லுங்க. காந்தத்தை நம்பாதீங்க, பித்தளையிலும் ஒட்டாது, பிளாஸ்டிக்லயும் ஒட்டாது. உங்க பொருள் எதையும் கொடுக்காதீங்க. சேஃப்டி மார்க் இல்லாத அடாப்டரைச் செருகவே செருகாதீங்க.

இதை எழுதிக்கிட்டிருக்கும்போதே அக்கா மகள் ஒரு லிங்க் அனுப்பினா. அதே ஆப், வேற பேர், புதுக் கணக்கு. இப்ப தேவதை வீடு, காளான் வீடு எல்லாம் செஞ்சு தராராம். வீடியோவுல அதே கை. விளம்பரப் படத்துல ஒரு குட்டிக் கடிகாரக் கோபுரம் இருக்கு, பெரிசாக்கிப் பாருங்க, அதுல பதிச்சிருக்கிறது அத்தனையும் என் சக்கரம். முன்பணம் 380 வெள்ளி, பேநவ் மட்டும். யாராவது கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பகிர்ந்துடுங்க. ஏற்கெனவே கட்டியிருந்தா எனக்குத் தனியா எழுதுங்க, டிரைபியூனலுக்குச் சேர்ந்தே போவோம்.