வேலப்பாடியில் ஒரு மாதக்கணக்கு மெஸ்

ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்கூடத்தில் 14 ஆண்டுகள் பார்த்த வேலை போன பிறகு, வேலூர் வேலப்பாடியில் ஓர் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். மருந்து மொத்த விற்பனைக் கடையொன்றில் கணக்கெழுதுவதில் மாதம் 11,000 ரூபாய் வருகிறது; வாடகைக்கும் ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் அனுப்பியது போக மிஞ்சுவது பாதிதான். என்னைப் போன்ற ஒருவர் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால், எட்டு மாதமாக நான் சாப்பிட்டுவரும் இந்த மெஸ்ஸைத்தான் காட்டுவேன். பெயர்ப்பலகை கிடையாது, ஒரு வீட்டின் முன்கூடம், நான்கு மேசைகள், அன்றைய குழம்பின் பெயரை எழுதும் கரும்பலகை, அவ்வளவுதான்.

முதலில் நானே சமைத்துப் பார்த்தேன். முகவரிச் சான்று இல்லாமல் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டரை வாங்கினேன். வீட்டு இணைப்பில் வரும் 14.2 கிலோ சிலிண்டரோடு ஒப்பிட்டால் கிலோவுக்கு அதன் விலை கூடுதல். அதைவிடப் பெரிய செலவு, ஒற்றை ஆளுக்குச் சமைப்பதில் ஏற்படும் சேதாரம். வேலூர் வெயிலில் தக்காளி மூன்று நாள் தாங்காது. வைத்த சாம்பாரையே மூன்று வேளை ஊற்றிக்கொள்ள வேண்டும், நான்காவது வேளைக்கு அது நுரைத்திருக்கும். பிறகு சாப்பிடாமலே படுக்கும் பழக்கம் வந்துவிட்டது. காசில்லாததால் பட்டினி கிடந்தேனா, கூட உட்கார ஆளில்லாததால் கிடந்தேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாத நாள்கள் அவை. அம்மா உணவகத்தின் 1 ரூபாய் இட்லியும் 5 ரூபாய் சாம்பார் சாதமும் 3 ரூபாய் தயிர் சாதமும் பகலில் என்னைத் தாங்கின என்பதையும் சொல்லியாக வேண்டும். இரவுக்குத்தான் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

இந்த மெஸ்ஸில் இரண்டு வேளைக்கு மாதம் 2,800 ரூபாய். சேரும்போது 1,000 ரூபாய் முன்பணம், மீதியைப் 10-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். வரவில்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டால் அந்த வேளைக்கான பணத்தைக் கழித்துவிடுகிறார்கள். புழுங்கலரிசிச் சாதம், சாம்பார் அல்லது காரக்குழம்பு, ரசம், ஒரு பொரியல், மோர், புதன்கிழமை முட்டை. சாம்பார் சுமார்தான், பருப்பு குறைவு. ஆனால், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முள்ளு கத்திரிக்காய் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து மலிவாக வந்து இறங்கும் நாள்களில், அதைக் காம்போடு நான்காய்க் கீறி எண்ணெயில் வதக்கி ஒரு புளிக்குழம்பு வைக்கிறார்கள். அன்றைக்கு நான் கடையிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிடுவேன்.

இங்கே சாப்பாட்டுக்கு நிகராக நான் மதிப்பது நீல அட்டை போட்ட கணக்கு நோட்டை. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்; சாப்பிட்ட வேளைக்கு ஒரு கோடு. காய்ச்சலில் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்து, மூன்றாம் நாள் போனபோது, மெஸ் நடத்தும் அம்மா நோட்டைப் புரட்டியபடியே, “இன்னா தம்பி, ரெண்டு நாளா கோடு இல்ல, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று கேட்டார். அன்று எனக்குக் குழைந்த சாதமும் மிளகு ரசமும் தனியாக வந்தன. நான் இரண்டு நாள் வரவில்லை என்பதைக் கவனித்த ஒரே இடம் அதுதான். அது வியாபாரத்துக்காக எழுதும் கணக்குதானே என்று சிலர் சொல்லக்கூடும், இருக்கட்டும்.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு நோயாளிகளோடு வந்து, வாடகை குறைவு என்று இந்தப் பக்கம் தங்கும் வங்காளிகளும் இங்கே சாப்பிடுகிறார்கள். என் எதிரே ஒரு மாதம் உட்கார்ந்த பெரியவர் ஒருவருக்குத் தெரிந்த தமிழ் “இன்னும் கொஞ்சம்” என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. எங்கள் பேச்சு முழுவதும் அதை வைத்தே நடந்தது.

குறைகளும் உண்டு. ஒருமுறை 12-ஆம் தேதி ஆகியும் என்னால் பாக்கியைக் கட்ட முடியவில்லை. வசூலைக் கவனிக்கும் மகன், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், “உங்க பாக்கி 1,800 நிக்குது” என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் அந்த அம்மா தனியே அழைத்து, வாரம் 450 ரூபாயாக நான்கு தவணையில் கொடுக்கச் சொன்னார். தவணை நல்ல ஏற்பாடு. ஆனால் பாக்கி கேட்கும் விதத்தை மகன் மாற்றிக்கொள்ளும்வரை ஐந்துக்கு நான்கு நட்சத்திரத்துக்கு மேல் தர மாட்டேன்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை இரவு விடுமுறை. தனியாக இருப்பவருக்கு வாரத்திலேயே நீளமான இரவு அதுதான். அப்படியொரு இரவில் தூக்கம் வராமல், அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசியிருக்கிறேன். எந்த நேரமும் எடுக்கிறார்கள். இப்போது ஞாயிறு மதியமே அந்த அம்மாவிடம் ஒரு டப்பாவில் மோர் சாதம் வாங்கி வைத்துக்கொள்கிறேன்; 20 ரூபாய், அதற்கும் நோட்டில் ஒரு சிறு கோடு.

சேர விரும்புவோர் மாதக் கடைசி வாரத்திலேயே பேசிவிடுவது நல்லது. நாற்பது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. சுவரோர மேசைக்கு மின்விசிறிக் காற்று வராது, வாசல் பக்கம் உட்காருங்கள்.