ஆவண எழுத்தர் சேவை: எழுத்துக்கு நம்பலாம், வில்லங்கம் பார்ப்பதற்கு நம்பக்கூடாது

சூலூர், அவிநாசி, பெருந்துறை, கோபி என்று எந்த ஊர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாலும் பக்கத்திலேயே பத்திரம் எழுதித் தரும் ஆவண எழுத்தர்கள் இருப்பார்கள். கொங்குப் பகுதியில் பூமி வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் முதலில் போய் உட்காருவது அங்கேதான். அவர்களுக்குக் கொடுக்கும் கூலி எந்த வேலைக்கு, எந்த வேலைக்கு இல்லை என்பது தெரியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு அலைகிறவர்கள் நிறைய. அதனால் இந்த மதிப்பீடு.

எழுத்து வேலையில் அனுபவமுள்ள எழுத்தரை மிஞ்ச ஆளில்லை. 1982ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெற்றவரா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் விவரம் ஏற்றுவது, கட்டணம் கட்டுவது, டோக்கன் போடுவது, சாட்சிகளின் அடையாள அட்டையைச் சரிபார்ப்பது எல்லாம் பிசகில்லாமல் நடக்கும். கட்டணக் கணக்கு நீங்களே போட்டுப் பார்க்கக்கூடியதுதான். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கணக்கிட வேண்டும். 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். எழுத்தர் சொல்லும் தொகை இதற்கு மேல் போனால் மிச்சம் எதற்கு என்று வகைவாரியாகக் கேட்டு, ரசீதும் கேளுங்கள்.

குறை தொடங்குவது சொத்து விவரப் பகுதியில். பெரும்பாலான கடைகளில் முந்தைய பத்திரத்தின் சொத்து விவரத்தை அப்படியே பார்த்து அடிக்கிறார்கள். வீட்டுமனைக்கு அது பெரிய சேதம் தராது. தோட்டத்துக்கு அது ஆபத்து. இந்தப் பக்கத்துத் தோட்டத்தின் விலையில் பாதி மண்ணுக்கு என்றால் மீதி தண்ணீருக்கும் தடத்துக்கும்தான். கிணறு எந்த சர்வே எண்ணில் இருக்கிறது, அதில் பங்கு நாலில் ஒன்றா எட்டில் ஒன்றா, மின் இணைப்பு எண் என்ன, மோட்டார் எத்தனை எச்.பி., அந்த இணைப்பில் விற்பவருக்குப் பங்கு உண்டா என்பதெல்லாம் பத்திரத்தில் வரிவரியாக வரவேண்டும். இல்லாவிட்டால் இணைப்பைப் பெயர் மாற்றப் போகும்போது மின்வாரியத்தில் மாற்றித் தராமல் நிறுத்திவிடுவார்கள்.

தடம் இன்னும் மோசம். "மாமூல் வழித்தட பாத்தியம் சகிதம்", அதாவது வழக்கமான வழியில் போகும் உரிமையோடு, என்று ஒரு வரி எழுதி விட்டுவிடுவார்கள். எந்த மாமூல், யார் பூமி வழியாக, எத்தனை அடி அகலம், தென்வடலா கிழமேலா? அரசு இட்டேரி (தோட்டங்களுக்கு இடையே போகும் பொதுப்பாதை) என்றால் புலப்படத்தில், அதாவது சர்வே வரைபடத்தில், தெரியும். பங்காளிகள் பேசி விட்டுக்கொண்ட வண்டித்தடம் அதில் இருக்காது. பக்கத்துத் தோட்டம் கைமாறியதும் புது ஆள் கம்பிவேலி போட்டுவிடுவார். தடம் எந்தப் பாகப்பிரிவினையில் விடப்பட்டதோ அந்தப் பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் உங்கள் கிரயத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். பழைய பத்திரம் ஏக்கர், சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேர், ஏர்ஸில் பேசும். ஒரு ஏர்ஸ் சுமார் 2.47 சென்ட். பெருக்கிப் பார்த்தால் சில இடங்களில் பத்திரத்தை விடப் பட்டாவில் பரப்பு குறைந்திருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன் நில அளவையரை வைத்து அளந்து, செக்குபந்தி, அதாவது எல்லைகள், நான்கையும் நேரில் நின்று ஒத்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். பதிவான பிறகு பிழைதிருத்தல் பத்திரம் போட விற்றவரே திரும்ப வந்து கையெழுத்திட வேண்டும். அவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் அத்தனை பேரையும் தேட வேண்டியதுதான்.

சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை எழுத்தரே எடுத்துத் தருவார், இணையத்தில் இலவசமாக நீங்களும் பார்க்கலாம். இப்போதைய உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் "வில்லங்கம் இல்லை" என்று சுத்தமாக வரும், ஏனென்றால் பழைய பதிவுகள் உட்பிரிவுக்கு முந்தைய எண்ணில் கிடக்கும். இரண்டையும் போட்டு, கிராமம் முன்பு வேறு அலுவலகத்தில் இருந்திருந்தால் அங்கும் தேட வேண்டும். பதிவு செய்யாத உயில், பத்திரத்தை வெறுமனே ஒப்படைத்து வாங்கிய கடன், நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகியவை இதில் பொதுவாகத் தெரியாது. அசல் தாய்ப்பத்திரத்தை (விற்பவருக்குச் சொத்து வந்த முந்தைய பத்திரத்தை) கையில் வாங்கிப் பாருங்கள். நகலைக் காட்டி இழுத்தடித்தால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம்.

எழுத்தர் சேவையை நம்பவே கூடாத இடம் வாரிசுரிமை. "பொண்ணுகளுக்கு நகை போட்டு சீர் செஞ்சு அனுப்பியாச்சுங்க, அவங்க கையெழுத்து எதுக்குங்க" என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005 திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. 20.12.2004க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு. உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாய்க்கும் பங்கு உண்டு. தாயை மறந்துவிட்டு எழுதிய பத்திரங்கள் ஏராளம். பங்கு வேண்டாம் என்கிறவர்கள் விடுதலைப் பத்திரம் பதிந்து தரவேண்டும், வெள்ளைத்தாளில் எழுதிய சம்மதம் போதாது. இந்தச் சரிபார்ப்புக்கு சொத்து வழக்கு நடத்தும் வழக்கறிஞரிடம் தனியாக லீகல் ஒப்பீனியன் வாங்குங்கள். அதை விற்பவரோ தரகரோ காட்டுகிற ஆளிடம் வாங்காதீர்கள்.

கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது தமிழ்நாட்டில் கட்டாயம். 20 ரூபாய் தாளில் எழுதி முடிக்கலாம் என்கிற எழுத்தரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தம் உரிமையை மாற்றாது, கிரயம் செய்து தரக் கேட்கும் உரிமையைத்தான் தரும். முன்பணத்தில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரித்துறையின் அபராதம் விற்பவர் தலையில் விழும். கிராமப்புற விவசாய பூமி அல்லாத சொத்தின் விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து வரியாகக் கட்ட வேண்டும். எழுத்தர் கடையில் பொதுவாக இதை யாரும் நினைவூட்டுவதில்லை.

பதிவு முடிந்து பத்திரம் கைக்கு வந்ததும் பட்டாவைப் பாருங்கள். விற்றவர் பெயரில் தனிப்பட்டா இருந்து முழுப் பரப்பும் வாங்கியிருந்தால் மாறுதல் தானாகவே நடக்கும். ஒரு பகுதி மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளக்க வேண்டும். பதிவு நாளிலேயே உட்பிரிவுக் கட்டணம் சேர்த்துக் கட்டப்பட்டதா என்று எழுத்தரிடம் கேட்டு, விண்ணப்ப எண்ணை வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்குங்கள்.